குடும்பத்தோடு கல்ஃபுக்கு: வீடும் பள்ளியும்

திருவனந்தபுரத்தில் சாலை, கரமனை, வள்ளக்கடவு, பூந்துறை என்று எந்தப் பக்கம் போனாலும் சரி. கல்ஃபில் வேலை பார்ப்பவரின் வீடு ஒன்றாவது இருக்கும்.

1973இல் எண்ணெய் விலை ஏறியது. அரபு நாடுகளில் பணம் பெருகியது. ரோடு போடவும் கட்டடம் கட்டவும் ஆள் தேவைப்பட்டது. கேரளத்திலிருந்து ஆட்கள் போனார்கள். பக்கத்தில் உள்ள கன்னியாகுமரி மாவட்டத்திலிருந்தும் போனார்கள். 1991இல் திருவனந்தபுரம் விமான நிலையம் சர்வதேச விமான நிலையம் ஆனது.

திருவனந்தபுரம் உள்ளூரில் வளர்ச்சி ஆய்வு மையம் இருக்கிறது. அந்த மையம் 1998இல் ஒரு கணக்கு எடுத்தது. அப்போது கேரளத்தவர் சுமார் 13.6 லட்சம் பேர் வெளிநாட்டில் இருந்தார்கள். 2023இல் எடுத்த கணக்கில் அது சுமார் 22 லட்சம். இவர்களில் பெரும்பாலோர் கல்ஃப் நாடுகளில் இருப்பவர்கள்.

பலர் தனியாகத்தான் போனார்கள். மனைவியும் பிள்ளைகளும் ஊரில் இருந்தார்கள். "எங்களையும் கூட்டிப் போங்கள்" என்று மனைவி கேட்கிறார். அது நியாயமான ஆசை. ஆனால் ஆசை மட்டும் போதாது. வீட்டு வாடகை எவ்வளவு? பள்ளிக் கட்டணம் எவ்வளவு? இந்த இரண்டையும் தெரிந்துகொண்ட பிறகுதான் டிக்கெட் எடுக்க வேண்டும்.

யார் குடும்பத்தை அழைக்கலாம்?

வேலை விசா இருக்கும் எல்லோராலும் குடும்பத்தை அழைக்க முடியாது. ஒவ்வொரு நாட்டுக்கும் ஒரு விதி உண்டு. துபாய், ஷார்ஜா, அபுதாபி ஆகியவை ஐக்கிய அரபு அமீரகம் என்ற நாட்டில் உள்ளன. அங்கே மாதச் சம்பளம் 4,000 திர்ஹம் இருக்க வேண்டும். அல்லது 3,000 திர்ஹம் சம்பளமும், முதலாளி கொடுக்கும் வீடும் இருக்க வேண்டும். இதற்குக் கீழே சம்பளம் வாங்குபவருக்குக் குடும்ப விசா கிடைப்பது கடினம்.

சவூதி அரேபியாவில் வேறு ஒரு செலவு உண்டு. 2017 ஜூலையில் அங்கே குடும்பத்தாருக்கு வரி வந்தது. முதலில் ஓர் ஆளுக்கு மாதம் 100 ரியால். ஆண்டுதோறும் அது கூடியது. 2020இல் 400 ரியால் ஆனது. மனைவியும் இரண்டு பிள்ளைகளும் என்றால் மாதம் 1,200 ரியால். ஆண்டுக்கு 14,400 ரியால். இதைக் கட்ட முடியாமல் பல குடும்பங்கள் ஊர் திரும்பின.

இங்கேயே முடிக்க வேண்டிய காகிதங்கள்

குடும்ப விசாவுக்குத் திருமணச் சான்றிதழ் வேண்டும். பிள்ளைகளின் பிறப்புச் சான்றிதழ் வேண்டும். கோயிலிலோ சர்ச்சிலோ பள்ளிவாசலிலோ திருமணம் நடந்திருக்கலாம். அது பதிவாகியிருக்கிறதா? 2008 முதல் கேரளத்தில் எல்லாத் திருமணங்களையும் பதிவு செய்ய வேண்டும். மாநகராட்சியிலோ பஞ்சாயத்திலோ பதிவு செய்யலாம்.

பாஸ்போர்ட்டில் உள்ள பெயரும் சான்றிதழில் உள்ள பெயரும் ஒன்றாக இருக்க வேண்டும். ஓர் எழுத்து மாறினாலும் சிக்கல் வரும். பெயரை எழுத்துக் கூட்டிப் படித்துப் பாருங்கள். தவறு இருந்தால் ஊரிலேயே திருத்துங்கள்.

அடுத்தது சான்றொப்பம். மக்கள் இதை 'அட்டஸ்டேஷன்' என்பார்கள். "இந்தச் சான்றிதழ் உண்மையானது" என்று அரசு முத்திரை வைப்பதுதான் இது. முதலில் மாநில அரசின் முத்திரை. பிறகு மத்திய வெளியுறவு அமைச்சகத்தின் முத்திரை. அமீரகம் போகிறவர்களுக்கு அந்த நாட்டுத் தூதரகத்தின் முத்திரையும் வேண்டும்.

இதற்கு வழி சொல்ல ஓர் அரசு நிறுவனம் இருக்கிறது. அதன் பெயர் நோர்க்கா ரூட்ஸ். திருவனந்தபுரம் தைக்காட்டில் அதன் அலுவலகம் உள்ளது. வெளிநாட்டில் வாழும் கேரளத்தவருக்காக 1996இல் கேரள அரசு ஒரு தனித் துறை தொடங்கியது. அதன் கீழ் 2002இல் வந்தது நோர்க்கா ரூட்ஸ். தரகரிடம் பணம் கொடுக்கும் முன் அங்கே ஒரு முறை போய்க் கேட்கலாம்.

வீடு தேடுவது எப்படி?

துபாயை எடுத்துக்கொள்ளுங்கள். நம் ஊரில் வாடகையை மாதா மாதம் கொடுக்கிறோம். அங்கே வாடகையை ஆண்டுக் கணக்கில் பேசுவார்கள். ஓர் ஆண்டு வாடகைக்கு முன்கூட்டியே செக் எழுதிக் கொடுக்க வேண்டும். ஒரே செக், இரண்டு செக், நான்கு செக் என்று பேசி முடிப்பார்கள். செக்கில் உள்ள தேதியில் வங்கியில் பணம் இருக்க வேண்டும். இல்லாவிட்டால் வழக்கு வரும்.

இதற்கு மேலும் செலவு உண்டு. முன்பணம் வேண்டும். தரகருக்குக் கமிஷன் வேண்டும். இவை ஒவ்வொன்றும் பெரும்பாலும் ஆண்டு வாடகையில் நூற்றுக்கு ஐந்து. மின்சாரத்துக்கும் தண்ணீருக்கும் ஃபிளாட் என்றால் 2,000 திர்ஹம் முன்பணம் கட்ட வேண்டும். ஆண்டு வாடகையில் நூற்றுக்கு ஐந்து வீட்டு வரியும் உண்டு. அதை மாதா மாதம் மின்சார பில்லோடு சேர்த்து வாங்குவார்கள்.

வாடகை ஒப்பந்தத்தை அரசிடம் பதிவு செய்ய வேண்டும். இந்தப் பதிவுக்கு 'இஜாரி' என்று பெயர். இது இல்லாத ஒப்பந்தத்தை நம்ப வேண்டாம். குடும்ப விசாவுக்கும் இது தேவைப்படும். செக்கை வீட்டுச் சொந்தக்காரர் பெயரில் மட்டும் எழுதுங்கள். தரகர் பெயரில் எழுத வேண்டாம். வீட்டை நேரில் பார்க்காமல் பணம் அனுப்ப வேண்டாம்.

குடியிருப்பவருக்கும் உரிமை உண்டு. ஆண்டு முடிந்ததும் வாடகையை நினைத்தபடி கூட்ட முடியாது. கூட்டுவதானால் 90 நாட்களுக்கு முன்பே எழுத்தில் சொல்ல வேண்டும்.

ஷார்ஜாவில் வாடகை பொதுவாகக் குறைவு. அதனால் பலர் அங்கே குடியிருந்து துபாய்க்கு வேலைக்குப் போகிறார்கள். ஆனால் காலையும் மாலையும் சாலையில் கடும் நெரிசல். வாடகையில் மிஞ்சும் பணத்தை நேரத்தில் கொடுக்க வேண்டிவரும்.

பள்ளி எப்படி?

கல்ஃபில் அரசுப் பள்ளிகள் அந்த நாட்டுக் குடிமக்களுக்கானவை. அங்கே பாடம் அரபு மொழியில் நடக்கும். நம் பிள்ளைகள் போவது இந்தியப் பள்ளிகளுக்கு. பஹ்ரைனில் 1950இலேயே இந்தியப் பள்ளி தொடங்கியது. துபாயில் 1961இல், மஸ்கட்டில் 1975இல் தொடங்கின. இன்று எல்லாக் கல்ஃப் நாடுகளிலும் இந்தியப் பள்ளிகள் உண்டு. இவற்றில் பெரும்பாலும் சி.பி.எஸ்.இ. பாடத்திட்டம். கேரளப் பாடத்திட்டப் பள்ளிகள் சிலவும் உண்டு.

இவை இலவசப் பள்ளிகள் அல்ல. மாதக் கட்டணம் உண்டு. பஸ் கட்டணம் தனி. புத்தகம், சீருடை தனி. கட்டணம் குறைந்த பள்ளிகளில் இடம் சீக்கிரம் நிரம்பிவிடும். புதிய ஆண்டு ஏப்ரலில் தொடங்கும். பல மாதங்களுக்கு முன்பே மனு கொடுக்க வேண்டும். வீடு பார்க்கும் முன் பள்ளியைப் பாருங்கள். பள்ளிக்குப் பக்கத்தில் வீடு கிடைத்தால் பஸ் செலவு மிச்சம்.

ஊர்ப் பள்ளியிலிருந்து மாற்றுச் சான்றிதழ் வாங்க வேண்டும். அதாவது டி.சி. அதில் எந்தெந்த முத்திரை வேண்டும் என்று அங்குள்ள பள்ளியிடம் முன்பே கேளுங்கள். இல்லாவிட்டால் அந்த ஒரு காகிதத்துக்காக ஊருக்குத் திரும்ப வேண்டிவரும்.

திருவனந்தபுரம் சாலையில் தமிழ் வழி அரசுப் பள்ளி இருக்கிறது. அங்கே படித்த பிள்ளைக்கு ஆங்கில வழி புதிது. அரபு மொழியும் ஒரு பாடமாக வரும். சேர்க்கும் முன் பள்ளியில் சோதனையும் வைக்கலாம். பிள்ளைக்கு முன்பே கொஞ்சம் ஆங்கிலப் பயிற்சி கொடுப்பது நல்லது. சிறு வயதுப் பிள்ளைகள் சீக்கிரம் பழகுவார்கள். ஒன்பது, பத்தாம் வகுப்பில் மாற்றுவது கடினம்.

ஒரு கணக்கு

துபாயில் ஒருவருக்கு மாதம் 8,000 திர்ஹம் சம்பளம். மனைவியும் இரண்டு பிள்ளைகளும் உண்டு. இப்படி வைத்துக்கொள்ளுங்கள்.

ஆண்டுச் சம்பளம் - 96,000
வீட்டு வாடகை - 48,000
வீட்டு வரி - 2,400
இரண்டு பிள்ளைகளின் பள்ளிக் கட்டணம் - 18,000
பள்ளி பஸ் - 8,000
மொத்தச் செலவு - 76,400
மீதி - 19,600

மீதியைப் பன்னிரண்டால் வகுத்தால் மாதம் சுமார் 1,630 திர்ஹம். சாப்பாடு, மின்சாரம், போன், மருத்துவக் காப்பீடு, ஊருக்கு விமான டிக்கெட் எல்லாம் இதற்குள்தான். ஊரில் உள்ள அம்மாவுக்கு என்ன அனுப்புவது? வீட்டுக் கடனை எப்படிக் கட்டுவது?

வீட்டுக்குள் நுழையும் அன்றே கையில் எவ்வளவு வேண்டும்? நான்கு செக்கில் முதல் செக் 12,000. முன்பணம் 2,400. கமிஷன் 2,400. மின்சார முன்பணம் 2,000. மொத்தம் 18,800 திர்ஹம். இரண்டு மாதச் சம்பளத்துக்கும் மேல்!

திரும்பி வர நேர்ந்தால்?

வேலை போனால் குடும்ப விசாவும் நிலைக்காது. 1990இல் ஈராக் படை குவைத்தைப் பிடித்தது. அப்போது சுமார் 1,70,000 இந்தியர்கள் விமானத்தில் நாடு திரும்பினார்கள். 2020இல் கொரோனா வந்தபோதும் ஆயிரக்கணக்கான குடும்பங்கள் திரும்பின. அவசரத்தில் பலர் வெறுங்கையோடு வந்தார்கள்.

அதனால் சான்றிதழ்களின் நகல்களை ஊரில் நம்பிக்கையானவரிடம் வையுங்கள். ஆறு மாதச் செலவுக்காவது வங்கியில் பணம் வையுங்கள். சி.பி.எஸ்.இ.யில் படித்த பிள்ளை திருவனந்தபுரத்திலும் சி.பி.எஸ்.இ. பள்ளியில் தொடரலாம். பாடத்திட்டம் மாறாது.

குடும்பம் சேர்ந்து வாழ்வது நல்லதுதான். பிள்ளைக்கு அப்பாவும் வேண்டும், அம்மாவும் வேண்டும். கணக்குச் சரியாக வந்தால் தைரியமாகப் போகலாம். வராவிட்டால் இரண்டு ஆண்டு பொறுக்கலாம். முன்பணத்தைச் சேர்த்த பிறகு போகலாம். கடன் வாங்கிப் போய், கடனோடு திரும்புவதைவிட அது மேல். இந்தக் கணக்கைக் கணவர் மட்டும் போட வேண்டாம். மனைவியும் ஒரு நோட்டில் எழுதிப் பார்க்கட்டும்.

கூடிப் பேசுங்கள்

1. உங்கள் ஊரில் குடும்பத்தோடு கல்ஃப் போனவர் யார்? அவருடைய வாடகையும் பள்ளிக் கட்டணமும் எவ்வளவு?
2. உங்கள் திருமணம் பதிவாகியிருக்கிறதா?
3. உங்கள் பிள்ளையின் பிறப்புச் சான்றிதழில் பெயர் சரியாக இருக்கிறதா? இன்றே எடுத்துப் படித்துப் பாருங்கள்.