கறுப்பைக் கழுவாமல் காக்கும் வீடு

உக்ரைனின் லிவிவ் நகரில், ரினோக் சதுக்கத்தின் 4-ஆம் எண் கட்டடத்துக்குக் 'கறுப்பு வீடு' என்று பெயர். கட்டிய காலத்தில் அது கறுப்பாக இருக்கவில்லை. மணற்கல் முகப்பு நாளடைவில் கறுத்து, கடைசியில் அந்த நிறமே வீட்டின் பெயராக நிலைத்துவிட்டது.

1527-இல் மூண்ட பெருந்தீ, கோதிக் பாணியில் இருந்த நகரத்தைப் பெரும்பாலும் அழித்தது. கருங்கடலுக்கும் மத்திய ஐரோப்பாவுக்கும் இடையே வணிகம் செழித்த ஊர் என்பதால், மீண்டும் கட்டப் பணம் இருந்தது. இத்தாலியக் கட்டடக் கலைஞர்கள் வந்தார்கள். அவர்களோடு மறுமலர்ச்சிப் பாணியும் வந்தது. கறுப்பு வீடு 1588-89-இல் எழுந்தது.

முகப்பை நெருங்கிப் பார்க்க வேண்டும். கற்கள் வைரம்போலப் பட்டை வெட்டப்பட்டு முனை துருத்தி நிற்கின்றன. வெயில் சாயும்போது ஒவ்வொரு முனையும் தன் பங்குக்கு ஒரு நிழலை வீழ்த்துகிறது. மேலே, குதிரையில் அமர்ந்த புனித மார்ட்டின் தன் மேலாடையைப் பிச்சைக்காரருடன் பகிர்ந்துகொள்ளும் சிற்பம் இருக்கிறது.

இரண்டு வீடு தள்ளி, 6-ஆம் எண்ணில், கிரேக்க வணிகர் கோர்னியாக்ட் 1580-இல் கட்டிய மாளிகை. அந்தச் சதுக்கத்தில் மனைகள் குறுகியவை. மூன்று சாளர அகலமே வழக்கம். இவர் வீட்டுக்கோ ஆறு சாளரம்! உள்ளே, மூன்று அடுக்கு வளைவுத் தாழ்வாரங்கள் சூழ்ந்த முற்றம், இத்தாலியையே பெயர்த்துக் கொண்டுவந்ததுபோல் இருக்கிறது. இரு வீடுகளும் இன்று லிவிவ் வரலாற்று அருங்காட்சியகத்தின் பகுதிகள்.

பாதுகாப்பு என்றால் பழைய வீட்டைப் புதிதாக்கிக் காட்டுவது அல்ல. கறுப்பு வீட்டின் உச்சி அடுக்கு 1884-இல்தான் சேர்க்கப்பட்டது. முதலில் கட்டியது மட்டுமே உண்மையானது என்று அதை இடித்தால், அந்த நூற்றாண்டின் சாட்சியம் போய்விடும். கறுத்த கல்லைச் சுரண்டினாலும் அதே இழப்புதான்.

லிவிவின் பழைய நகரத்தை 1998-இல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்தது. ரஷ்யா முழு அளவில் போர் தொடுத்த 2022-இல், சதுக்கத்து நீரூற்றுச் சிலைகளைப் பாதுகாப்புக்காகச் சுற்றி மூடினார்கள். 2023 ஜூலையில் பாரம்பரியப் பகுதியை ஒட்டிய வட்டாரத்தில் ஏவுகணை விழுந்தது. அதே ஆண்டு செப்டம்பரில் யுனெஸ்கோ லிவிவை ஆபத்தில் உள்ள சின்னங்களின் பட்டியலில் சேர்த்தது.

பட்டியல் ஏவுகணையைத் தடுக்காது. ஆனால், சேதம் நேர்ந்தால் அதைப் பதிவு செய்யவும், நிபுணர்களையும் நிதியையும் திரட்டவும் வழிவகுக்கும். நானூறு ஆண்டு கைமாறி வந்த கறுப்பு வீட்டுக்கு அந்த ஏற்பாடு இன்றே தேவை. இடிபாட்டைப் பார்த்த பிறகு தொடங்கினால் காலம் கடந்திருக்கும்.