மனை உட்பிரிவு

மனை உட்பிரிவு என்பது ஒரு வீட்டு மனையை இரண்டு அல்லது அதற்கு மேற்பட்ட தனி மனைகளாகப் பிரிப்பதாகும். தமிழ்நாடு ஒருங்கிணைந்த வளர்ச்சி மற்றும் கட்டிட விதிகள், 2019-இன்படி, ஒரு நிலத்தை எட்டு மனைகள் வரை பிரிப்பது உட்பிரிவு ஆகும். எட்டுக்கு மேற்பட்டால் அது மனைப்பிரிவு எனப்படும். செங்கல்பட்டு மாவட்டத்தின் மாமல்லபுரம் கடற்கரைப் பகுதியில் இதற்குக் கூடுதலாகச் சில மத்தியச் சட்டங்களும் பொருந்துகின்றன.

இரு வகை உட்பிரிவு

'உட்பிரிவு' என்ற சொல் இரு துறைகளில் இரு பொருளில் வழங்குகிறது. வருவாய்த் துறையில், நில அளவர் இடத்தை அளந்து, ஒரு புல எண்ணைப் புதிய உட்பிரிவு எண்களாகப் பிரிக்கிறார். அதன்பின் ஒவ்வொருவருக்கும் தனிப் பட்டா வழங்கப்படுகிறது. இது நில ஆவணம் சார்ந்தது.

மற்றொன்று, தமிழ்நாடு நகர் ஊரமைப்புச் சட்டம், 1971-இன் கீழ் பெறும் திட்ட அனுமதி. மனையின் அளவு, அகலம், சாலை வசதி ஆகியவை விதிகளுக்கு உட்பட்டுள்ளனவா என்று இதில் பார்க்கப்படுகிறது. பட்டா கிடைத்தால் திட்ட அனுமதியும் கிடைத்ததாக எண்ணுவது பரவலான தவறாகும்.

எடுத்துக்காட்டாக, தெருவை ஒட்டிய ஒரு பூர்வீக மனையை அண்ணன் தம்பி இருவர் முன்பாகம், பின்பாகம் எனப் பிரித்துக்கொள்வதாகக் கொள்வோம். பாகப்பிரிவினைப் பத்திரம் பதிவாகி, தனித்தனிப் பட்டாவும் வந்துவிடலாம். ஆனால் பின்பாகத்திற்கு விதிப்படியான அகலத்தில் வழி விடப்படவில்லை என்றால் அங்கே வீடு கட்ட அனுமதி கிடைக்காது. ஆகவே பத்திரம் எழுதும் முன்பே வழியின் அகலத்தை முடிவு செய்வது அவசியம்.

பதிவுக் கட்டுப்பாடு

அங்கீகாரமற்ற மனைகளைப் பதிவு செய்யச் சென்னை உயர் நீதிமன்றம் 2016 செப்டம்பர் 9 அன்று தடை விதித்தது. பதிவுச் சட்டத்தின் 22-அ பிரிவும் இத்தகைய பதிவுகளைக் கட்டுப்படுத்துகிறது. 2016 அக்டோபர் 20-க்கு முன் உருவான அங்கீகாரமற்ற மனைகளை வரன்முறைப்படுத்த, 2017 மே மாதம் தனி விதிகள் வெளியிடப்பட்டன.

மாமல்லபுரத்தின் நிலை

மாமல்லபுரத்தின் நினைவுச்சின்னங்கள் 1984-இல் யுனெஸ்கோ உலக மரபுப் பட்டியலில் சேர்க்கப்பட்டன. 2010-இல் திருத்தப்பட்ட தொல்லியல் சின்னங்கள் சட்டத்தின்படி, பாதுகாக்கப்பட்ட சின்னத்தின் எல்லையிலிருந்து 100 மீட்டர் வரை தடை செய்யப்பட்ட பகுதி. அதற்கு அப்பால் 200 மீட்டர் வரை ஒழுங்குபடுத்தப்பட்ட பகுதி. முதல் பகுதியில் புதிய கட்டிடம் கட்ட இயலாது. இரண்டாவதில் தேசிய நினைவுச்சின்னங்கள் ஆணையத்தின் பரிந்துரையின் பேரில் அனுமதி பெற வேண்டும்.

கடலோர ஒழுங்குமுறை மண்டல விதிகளும் உண்டு. 1991-இல் முதலில் வெளியான இவை, கடலின் உயர் அலைக் கோட்டிலிருந்து நிலத்தை நோக்கி 500 மீட்டர் வரை பொருந்தும். ஆகவே இங்கு ஒரு மனையை இரண்டாகப் பிரிப்பதால் மட்டும் இரண்டு வீடுகள் கட்டும் உரிமை வந்துவிடாது.

விதிவிலக்கு

அமெரிக்க நகரங்களில் விதிக்குப் பொருந்தாத மனையின் உரிமையாளர், அந்நிலத்திற்கே உரிய இடர்ப்பாட்டைக் காட்டி, உள்ளூர் வாரியத்திடம் விதித் தளர்வு கோரலாம். அக்கம்பக்கத்தாரும் அவ்விசாரணையில் கருத்துக் கூறலாம்.

தமிழ்நாட்டில் 1971-ஆம் ஆண்டுச் சட்டத்தின் 113-ஆம் பிரிவு, ஒரு நிலத்திற்கோ கட்டிடத்திற்கோ விலக்கு அளிக்கும் அதிகாரத்தை மாநில அரசுக்குத் தருகிறது. ஆனால் அவ்விலக்கு அச்சட்டத்திற்கும் அதன்கீழ் அமைந்த விதிகளுக்கும் மட்டுமே உரியது. தொல்லியல் சட்டத்தின் தடையையும் கடலோர மண்டலத் தடையையும் அது நீக்காது. எனவே மாமல்லபுரம் பகுதியில் மனையைப் பிரிக்கவோ பிரிந்த மனையை வாங்கவோ எண்ணுவோர், பட்டாவுடன் திட்ட அனுமதியையும், நினைவுச்சின்னத்திலிருந்தும் கடலிலிருந்தும் உள்ள தொலைவையும் சேர்த்தே பார்க்க வேண்டும்.