தடுப்புக்காவலில் உறவினர்: குடும்பம் முதலில் செய்ய வேண்டியவை

அமெரிக்காவில் குடியேற்ற அதிகாரிகள் ஒருவரைப் பிடித்துச் சென்றால், வீட்டாருக்குத் தகவல் சொல்ல யாரும் வருவதில்லை. போன் எடுக்காத கணவரையும் வேலைக்குப் போய்த் திரும்பாத தம்பியையும் குடும்பம்தான் தேடிக் கண்டுபிடிக்க வேண்டும்.

அந்தத் தேடல் ‘ஏ நம்பர்’ என்ற எண்ணில் தொடங்குகிறது. ‘ஏ’ என்ற எழுத்தை அடுத்து எட்டு அல்லது ஒன்பது இலக்கங்கள் வரும். கிரீன் கார்டு, வேலை அனுமதி அட்டை, நீதிமன்ற நோட்டீஸ் என எதிலாவது அது அச்சாகியிருக்கும். ‘ஐஸ்’ எனப்படும் குடியேற்ற அமலாக்கத் துறையின் இணையத் தேடலில் இந்த எண்ணையும் பிறந்த நாட்டையும் கொடுத்தால், அவர் எந்தத் தடுப்பு மையத்தில் இருக்கிறார் என்று தெரியும். 18 வயது நிரம்பாதவர்கள் அதில் வரமாட்டார்கள்.

எண் கிடைக்காவிட்டால் பெயரை வைத்துத் தேடலாம். ஆனால் தமிழ்ப் பெயர்கள் இங்கே மிகவும் அலைக்கழிக்கும். பாஸ்போர்ட்டில் குடும்பப் பெயர் இல்லாதவருக்கு அமெரிக்க விசாவில் ‘எஃப்என்யு’ என்ற மூன்றெழுத்தே முதல் பெயராக விழுந்திருக்கும். சொந்தப் பெயர் குடும்பப் பெயரின் இடத்துக்குப் போயிருக்கும். அப்பா பெயர் முன்னால் ஒரு தாளிலும் பின்னால் இன்னொரு தாளிலும் இருக்கும். ஓர் எழுத்து மாறினாலும் தேடல் கைவிரித்துவிடும் என்பதால், எல்லா வடிவங்களையும் போட்டுப் பார்க்க வேண்டும். அதில் கேட்பது குடியுரிமை நாட்டை அல்ல, பிறந்த நாட்டை. தமிழக முகாமில் பிறந்த ஈழத்தமிழருக்கு அது இந்தியா. கனடியக் குடிமகனாகிவிட்ட யாழ்ப்பாணத்தவருக்கு இலங்கை.

அடுத்தது வழக்கறிஞர். குற்ற வழக்கில் வசதியில்லாதவருக்கு அரசே வழக்கறிஞர் அமர்த்தும்; குடியேற்ற வழக்கில் அந்த உரிமை கிடையாது. 2007 முதல் 2012 வரையிலான வழக்குகளை ஆராய்ந்தவர்கள், காவலில் இருந்தவர்களில் 14 சதவீதம் பேருக்கே வழக்கறிஞர் இருந்ததாகக் கண்டார்கள். மற்றவர்கள் அரசு வழக்கறிஞரின் எதிரே தனியாக நின்றார்கள். இதைவிடப் பெரிய அநியாயம் இந்த அமைப்பில் இல்லை என்றே நினைக்கிறேன். இலவசமாக உதவுவோரின் பட்டியலைக் குடியேற்ற நீதிமன்றங்களே வெளியிடுகின்றன. உரிமம் பெற்ற வழக்கறிஞரோ நீதித்துறை அங்கீகரித்த பிரதிநிதியோ அல்லாத ‘கன்சல்டன்ட்’ யாருக்கும் பணம் கொடுக்காதீர்கள்.

உள்ளே இருப்பவரிடம் முதல் அழைப்பிலேயே சொல்ல வேண்டியது: புரியாத எந்தத் தாளிலும் கையெழுத்து வேண்டாம். தானாக வெளியேறச் சம்மதம் என்று ஒப்புக்கொள்ளும் தாள்களும் அவற்றில் இருக்கக்கூடும். வழக்கறிஞருடன் பேசுவதைத் தவிர மற்ற அழைப்புகள் பதிவாகலாம். எப்படி வந்தார், எந்த வழியாக வந்தார் என்பதையெல்லாம் போனில் பேச வேண்டாம்.

எல்லையருகே பிடிபட்டவருக்கு நிலைமை இன்னும் கடினம். இலங்கைத் தமிழர் ஒருவர் 2017-இல் கலிபோர்னியாவின் சான் இசிட்ரோ அருகே பிடிபட்டார். தன்னைக் கடத்தி அடித்ததை அகதிக் கோரிக்கைக்கான நேர்காணலில் சொன்னார். யார் அடித்தார்கள், ஏன் அடித்தார்கள் என்று சொல்ல முடியவில்லை. அகதிக் கோரிக்கையின் முதல் படியே மறுக்கப்பட்டது. அந்த மறுப்பைக் கூட்டாட்சி நீதிமன்றத்தில் கேள்வி கேட்க அவருக்கு வழியில்லை என்று 2020 ஜூனில் அமெரிக்க உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. ஆகவே நேர்காணலுக்கு முன்பே வழக்கறிஞரிடம் பேச வைப்பதற்கும், தமிழ் மொழிபெயர்ப்பாளரைக் கேட்டு வாங்குவதற்கும் குடும்பம் முழு மூச்சாக முயல வேண்டும். சொந்த நாட்டுத் தூதரகத்தின் உதவியை நாட, காவலில் இருப்பவருக்கு உரிமை உண்டு. ஆனால் அந்த நாட்டுக்கே பயந்து வந்தவர் என்றால், வழக்கறிஞரைக் கேட்காமல் குடும்பம் தூதரகத்தை அழைக்கக் கூடாது.

பிணை கிடைக்கும் என்றால் சட்டப்படி குறைந்த தொகை 1,500 டாலர். பெரும்பாலும் அதைவிடப் பல மடங்கு கேட்கிறார்கள். நீதிபதி பார்ப்பது இரண்டு: இவர் தப்பி ஓடுவாரா, இவரால் ஆபத்து உண்டா. வாடகை ஒப்பந்தம், வரித் தாள்கள், பிள்ளைகளின் பிறப்புச் சான்றிதழ், வேலை கொடுத்தவரின் கடிதம், கோயில் அல்லது தேவாலயத்தார் தரும் கடிதம் எல்லாம் இங்கே உதவும். தமிழில் உள்ளவற்றை ஆங்கிலத்தில் மொழிபெயர்த்து, மொழிபெயர்ப்பாளரின் உறுதிமொழியுடன் தர வேண்டும். சோதனையின்றி நாட்டுக்குள் வந்தவர்களுக்குப் பிணை வழங்கும் அதிகாரம் குடியேற்ற நீதிபதிகளுக்கு இல்லை என்று 2025 செப்டம்பரில் குடியேற்ற மேல்முறையீட்டு வாரியம் முடிவு செய்தது. கூட்டாட்சி நீதிபதிகள் பலர் அதை ஏற்கவில்லை; ஆட்கொணர்வு மனுவில் பலரை விடுவித்திருக்கிறார்கள். தீர்ப்புகள் இடத்துக்கு இடம் வேறுபடுவதால், அவரை லூசியானாவுக்கோ டெக்சாஸுக்கோ மாற்றிவிடும் முன்பே மனு போட முடியுமா என்று வழக்கறிஞரிடம் அன்றைக்கே கேளுங்கள்.

விசாரணைத் தேதியை 1-800-898-7180 என்ற நீதிமன்றத் தகவல் எண்ணில் ஏ நம்பரைக் கொடுத்துக் கேட்கலாம். பிணையில் வந்தவர் வீடு மாறினால் ஐந்து வேலை நாட்களுக்குள் நீதிமன்றத்துக்குப் புது முகவரியைப் படிவத்தில் தெரிவிக்க வேண்டும். நோட்டீஸ் பழைய முகவரிக்குப் போய் ஒரு விசாரணை தவறினாலும், அவர் இல்லாமலேயே நாடுகடத்தும் உத்தரவு வந்துவிடும்.