சம்பளத்தில் கழியும் பத்துப் பவுண்

பிரித்தானியாவில் 1987ஆம் ஆண்டு தொடக்கம் ஓர் ஏற்பாடு உண்டு. ஊழியர் சம்மதித்தால், வருமான வரி கணக்கிடுமுன்னரே அவரது சம்பளத்தில் நன்கொடை கழிக்கப்பட்டு, ஒரு முகவர் நிறுவனம் ஊடாக அவர் விரும்பும் சுகாதாரத் தொண்டு நிறுவனத்தைச் சேரும். 20 வீத வரி கட்டுபவர் 10 பவுண் கொடுத்தால் அவர் கையில் குறைவது 8 பவுண் மட்டுமே.

கொடுப்பவர் பெரும் பணக்காரராக இருக்கத் தேவையில்லை. பஸ் சாரதியும் கொடுக்கலாம். தொகை சிறிது, ஆனால் மாதந்தோறும் வரும். அதுதான் முக்கியம். செய்தி சூடாக இருக்கும்வரை லொறிகளில் நிவாரணம் வந்ததையும், பிறகு நின்றதையும் இடம்பெயர்ந்த நீங்கள் கண்டவர்கள். காசநோய்க்கோ வழமையாக ஆறு மாதம் விடாமல் மருந்து குடிக்கவேண்டும். தாதிக்கும் மாதச் சம்பளம் வேண்டும்.

ஆகவே, மருத்துவத் திட்டத்தோடு ஊருக்கு வருபவர்களிடம், எத்தனை மாதத்துக்குப் பணம் உண்டு என்று முதலிலேயே கேளுங்கள். அது நன்றிகெட்ட கேள்வி அல்ல.