கால் இன்ச் ஸ்பேனரும் கழலாத நட்டும்

பழைய புல்லட் ஒன்றை வாங்கி வீட்டுக் கார் ஷெட்டில் கொண்டுவந்து நிறுத்துகிறவர்கள் முதலில் பார்ப்பது துருவை. நான் நட்டுகளைப் பார்க்கச் சொல்வேன். ஆறு முனையும் கூர்மையாக இருக்கின்றனவா, மழுங்கி உருண்டையாகிப் பிசிறு தட்டியிருக்கின்றனவா? திருப்புளி வழுக்கித் தலை பிய்ந்த ஸ்க்ரூ எத்தனை? கிராங்க்கேஸ் விளிம்பில் உளி வைத்துப் பிளந்த தழும்பு இருக்கிறதா? ஐம்பது அறுபது வருடங்களில் அந்த வண்டியைத் திறந்து மூடிய அத்தனை பேரும் அங்கே கையெழுத்துப் போட்டுவிட்டுத்தான் போயிருப்பார்கள்.

துரு செய்த சேதம் ஒரு கணக்குக்கு உட்பட்டது. வேதியியல் விதிப்படி நடந்தது. அதே விதியை வைத்துப் பெரும்பாலும் சமாளிக்கலாம். அவசரக் கை செய்த சேதம் அப்படியல்ல. பர்ஸைக் காலி செய்வது அதுதான்.

நட்டு மழுங்குவதற்கு ஒரு வரலாற்றுக் காரணமும் உண்டு. புல்லட்டின் பூர்வீகம் இங்கிலாந்தின் ரெடிட்ச். 1955-ல் மெட்ராஸ் மோட்டார்ஸும் ரெடிட்ச் நிறுவனமும் சேர்ந்து என்ஃபீல்டு இந்தியாவைத் தொடங்கி, திருவொற்றியூரில் வண்டி செய்ய ஆரம்பித்தபோது, வரைபடங்களோடு ஆங்கிலேய மரையும் கப்பலேறி வந்தது. 1841-ல் ஜோசப் விட்வொர்த் வகுத்த மரையின் கோணம் 55 டிகிரி. இன்று கடையில் கிடைக்கும் மெட்ரிக் மரை 60 டிகிரி. இரண்டும் பார்வைக்கு ஒன்றுபோல இருக்கும், ஒரு சுற்றோ இரண்டு சுற்றோ ஏறவும் செய்யும். அதற்கு மேல் முறுக்கினால் ஒன்று மற்றொன்றை அறுத்துவிடும்.

ஸ்பேனர் விஷயம் இன்னும் வேடிக்கை. விட்வொர்த் ஸ்பேனரில் ‘1/4’ என்று பொறித்திருந்தால் அது போல்ட் தண்டின் அளவு. ஸ்பேனர் வாயின் அகலம் அல்ல. வாயை அளந்தால் 0.525 இன்ச், அதாவது 13.3 மில்லிமீட்டர். நம்மிடம் இருக்கும் 13 ஸ்பேனர் அந்த நட்டில் நுழையாது. 14 நுழையும், ஆனால் அரை மில்லிமீட்டருக்கும் மேல் ஆடும். அந்த ஆட்டத்தால் ஸ்பேனர் நட்டின் பக்கங்களை முழுதாகப் பிடிக்காமல் முனைகளை மட்டும் நெம்புகிறது. மொத்த விசையும் ஆறு கோடுகளில் இறங்கினால் முனை நசுங்காமல் என்ன செய்யும்? பழைய ஆங்கில ஸ்பேனர் செட் ஒன்றைப் புதுப்பேட்டையில் தேடிப் பிடிப்பதுதான் இந்த வேலையின் முதல் முதலீடு. பெயிண்ட் என்ன நிறம் என்பதையெல்லாம் அப்புறம் பேசிக்கொள்ளலாம்.

சரியான ஸ்பேனரும் வந்தாயிற்று, நட்டு அசையவில்லை. இரும்பு துருவாக மாறும்போது அதன் கன அளவு இரண்டு மடங்குக்கும் மேலாகிறது. நட்டுக்கும் போல்ட்டுக்கும் நடுவே இருந்த நூலிழை இடைவெளியில் இந்தத் துரு ஊதிப் பெருத்து ஆப்பு அடித்ததுபோல் உட்கார்ந்துகொள்கிறது. ஸ்பேனரில் நீளமான பைப்பைச் செருகி ஏறி மிதித்தால் போல்ட் உடையும், நட்டு கழலாது. மெல்லிய எண்ணெயை விட்டுவிட்டுத் தூங்கப் போவதுதான் சரி. குறுகிய இடைவெளிக்குள் திரவம் தானே ஏறும் நுண்புழை விளைவு, எண்ணெயை மரைச் சுற்றுகளுக்குள் கொஞ்சம் கொஞ்சமாக இழுத்துச் செல்லும். காலையில் சுத்தியலால் நட்டின் பக்கங்களில் மெதுவாகத் தட்டினால் துருவில் விரிசல் விழும். எண்ணெய்க்கு இன்னொரு வழி கிடைக்கும். அதற்கும் மசியாவிட்டால் நட்டை மட்டும் சூடாக்க வேண்டும். சூட்டில் நட்டின் துளையும் சேர்ந்தே பெரிதாகும். போல்ட்டும் சூடேறுவதற்குள் திருப்பிவிட வேண்டும் என்பதுதான் இதில் சூட்சுமம். பக்கத்தில் பெட்ரோல் டேங்க் இல்லை என்பதைப் பார்த்துக்கொண்டு செய்யுங்கள்.

கழற்றிய இரும்புச் சாமான்களைக் கிரைண்டர் வைத்துத் தேய்ப்பது வழக்கம். வேகமாக மின்னும், பார்க்க அழகாக இருக்கும். ஆனால் கிரைண்டருக்குத் துரு எது, நல்ல இரும்பு எது என்று தெரியாது. வீட்டிலேயே செய்யக்கூடிய மின்னாற்பகுப்பு முறைக்கு அது தெரியும்.

ஒரு பிளாஸ்டிக் தொட்டியில் தண்ணீர், அதில் லிட்டருக்கு ஒரு மேசைக்கரண்டி அளவில் சலவை சோடா. பன்னிரண்டு வோல்ட் பேட்டரி சார்ஜரின் நெகட்டிவ் கம்பியைத் துருப்பிடித்த சாமானில் மாட்டிப் பாசிட்டிவ் கம்பியை ஏதாவதொரு பழைய இரும்புத் தகட்டில் மாட்ட வேண்டும். இரண்டும் ஒன்றையொன்று தொடக் கூடாது. சுவிட்சைப் போட்டதும் சாமானைச் சுற்றி ஹைட்ரஜன் குமிழிகள் பொரியத் தொடங்கும். துரு என்பது எலக்ட்ரானை இழந்த இரும்பு. சார்ஜர் அந்த எலக்ட்ரானைத் திருப்பிக் கொடுக்கிறது. இறுகிய செந்துரு கறுப்பாகி நெகிழ்ந்துவிடும். பிரஷ்ஷால் தேய்த்தால் சேறுபோல வரும். அடியிலிருக்கும் நல்ல இரும்பை மின்சாரம் தொடாது. மறுநாள் வரை மறந்துவிட்டாலும் சாமான் தேயாது என்பது சோம்பேறிகளுக்கு இதிலுள்ள சௌகரியம்.

எச்சரிக்கைகளும் உண்டு. பாசிட்டிவ் பக்கம் எவர்சில்வர் தகடு வைக்கவே கூடாது; அதிலுள்ள குரோமியம் நச்சு வடிவத்தில் தண்ணீரில் கலக்கும். அலுமினியத்தை இந்தத் தொட்டியில் போடக் கூடாது. காரத்தில் அது கரையும். ஹைட்ரஜன் தீப்பற்றும் வாயு, ஆகவே ஷெட்டின் கதவு திறந்திருக்க வேண்டும். தொட்டியிலிருந்து எடுத்த இரும்பை உடனே துடைத்து உலர்த்தி எண்ணெயோ பிரைமரோ பூசாவிட்டால், சென்னைக் கடற்காற்றில் மாலைக்குள் மஞ்சள் பூத்துவிடும். இன்னொன்று: துரு தின்றுவிட்ட இரும்பு திரும்பி வராது. குழி குழியாகத்தான் இருக்கும். டேங்கில் ஊசித்துளை இருந்தால், துரு போன பிறகுதான் அது ஒழுகவே ஆரம்பிக்கும்.

குரோம் பூசிய சைலன்சர், மட்கார்டு விஷயத்தில் எமரி பேப்பரை எடுக்குமுன் ஒரு நிமிடம் யோசியுங்கள். நம் கண்ணுக்குத் தெரியும் குரோமியப் படலம் பெரும்பாலும் அரை மைக்ரானுக்கும் குறைவு. இரும்பை உண்மையில் காப்பாற்றுவது அதற்கு அடியிலுள்ள, பல மடங்கு தடித்த நிக்கல். முரட்டுப் பேப்பரால் நான்கு தேய்ப்பு போதும், குரோம் கதை முடிந்தது. அலுமினியத் தாளை நனைத்துத் தேய்த்தால் புள்ளித் துரு போகும், பூச்சு பெரிதாகக் கீறாது.

இன்ஜினுக்குள் வருவோம். கிராங்க்கேஸ் அலுமினியம், பேரிங் எஃகு. ஒரே சூட்டில் அலுமினியம் எஃகைவிடக் கிட்டத்தட்ட இரண்டு மடங்கு விரியும். 62 மில்லிமீட்டர் விட்டமுள்ள பேரிங் ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். இரண்டுமே 80 டிகிரி கூடுதலாகச் சூடேறினால், கிராங்க்கேஸின் துளை பேரிங்கைவிட 0.05 மில்லிமீட்டர் அதிகமாகப் பெரிதாகியிருக்கும். தலைமுடியின் பருமன்கூட இல்லை. ஆனால் சுத்தியலால் அடித்தும் அசையாத பேரிங் தானாக நழுவி விழ அது போதும். இதற்குப் பெரிய கருவி ஏதும் வேண்டாம். கொதிக்கும் தண்ணீரின் ஆவியே 100 டிகிரி. அந்த வேலைக்குப் போன பாத்திரம் மறுபடி அடுப்படிக்குள் நுழையக் கூடாது என்பதை மட்டும் வீட்டாரிடம் முன்கூட்டியே பேசி முடித்துக்கொள்ளுங்கள்.

அடுத்தது சிலிண்டர். பிஸ்டனின் விட்டம் 70 மில்லிமீட்டர், அது மேலும் கீழும் போகும் தூரம் 90. பெருக்கிப் பார்த்தால் 346 சிசி. இன்ஜின் பிரித்த மாத்திரத்தில் “போர் பண்ணிடலாம் சார்” என்பார்கள். அளக்காமல் ஒத்துக்கொள்ளாதீர்கள். சிலிண்டர் ஒரே சீராகத் தேய்வதில்லை. பிஸ்டன் ரிங் உச்சியில் நின்று திரும்பும் இடத்தில் அழுத்தம் அதிகம், வேகம் பூச்சியம், எண்ணெய்ப் படலம் மெலிதிலும் மெலிது. தேய்மானம் அங்கேதான் கூடுதலாக இருக்கும். அங்கேயும் அடியிலும் போர் கேஜ் வைத்து அளந்தால் வித்தியாசம் தெரிந்துவிடும். போர் செய்வதென்றால் அடுத்த பிஸ்டன் அளவுக்குத் தாவ வேண்டும், அப்படிச் சீவிய உலோகம் திரும்பாது. இரண்டு மூன்று முறைக்கு மேல் சீவச் சுவரில் இடமும் இல்லை.

போர் செய்தால் இடைவெளியில் கஞ்சத்தனம் கூடாது. 100 டிகிரி சூட்டுக்கு அலுமினியப் பிஸ்டன் ஏறக்குறைய 0.14 மில்லிமீட்டர் பெருக்கும். வார்ப்பிரும்புச் சிலிண்டர் அதில் பாதிதான் பெருக்கும். குளிரில் “ஆடாமல் கச்சிதமாக” இருக்கும் பிஸ்டன் நெடுஞ்சாலையில் சூடேறிச் சிலிண்டரைக் கவ்விக்கொள்ளும். புது பிஸ்டன் போட்டதும் முதல் சில நூறு கிலோமீட்டர் மெதுவாக ஓட்டச் சொல்வது இதனாலும்தான்.

பழைய பிரேக் டிரம்மைத் திறந்ததும் உள்ளே இருக்கும் தூளை வாயால் ஊதுவது எல்லோருக்கும் கைப்பழக்கம். அந்தக் காலத்து பிரேக் லைனிங்கில் ஆஸ்பெஸ்டாஸ் உண்டு. பழைய பெயிண்டில் ஈயமும் இருக்கலாம். ஊத வேண்டாம், உலர்வாகத் தேய்க்கவும் வேண்டாம். ஈரத்துணியால் துடைத்து, துணியை உறையில் கட்டி அப்புறப்படுத்துங்கள். பிறகு பெயிண்டை ஈரம் வைத்துத் தேயுங்கள்.

நெடுநாள் நின்ற வண்டியின் கார்புரேட்டரில் தேன் நிறத்தில் ஒரு பிசின் இறுகியிருக்கும். பெட்ரோலின் லேசான பகுதிகள் ஆவியாகிப் போக, மிஞ்சியது காற்றிலுள்ள ஆக்சிஜனோடு சேர்ந்து கெட்டிப்பட்டதன் விளைவு அது. ஜெட்டின் துளையில் கம்பியை விட்டுக் குத்தினால் பித்தளையில் துளை பெரிதாகும். வண்டி அன்று முதல் பெட்ரோல் குடிக்கும். ஊறவைத்துக் காற்றடித்தால் போதும். இன்றைய பெட்ரோலில் 20 சதவீதம் வரை எத்தனால் இருக்கிறது. அது ஈரத்தை இழுக்கும், பழைய ரப்பர் வாஷர்களை ஊதச் செய்யும். ஓட்டாமல் நிறுத்தப்போகிறீர்கள் என்றால் கார்புரேட்டரிலிருந்து பெட்ரோலை வடித்துவிடுங்கள். 2000-ல் ஈயம் கலந்த பெட்ரோல் நாடு முழுக்க நிறுத்தப்பட்டதால் வால்வு சீட் சீக்கிரம் தேயும் என்று பயமுறுத்துவார்கள். காரணம் சரிதான், ஈயப் படிவு வால்வுக்கு மெத்தையாக இருந்தது. ஆனால் ஞாயிறு தோறும் நிதானமாக ஓடும் வண்டிக்கு அதற்காகவென்று சிலிண்டர் ஹெட்டைப் பிரிக்க நான் சொல்ல மாட்டேன்.

எனக்கு இந்த வண்டியில் மிகவும் பிடித்த உறுப்பு ஹெட்லைட்டுக்கு மேலே இருக்கும் சின்ன அம்மீட்டர். ஓட்டுகிறவர்கள் ‘ஆம்ப்ஸ்’ என்பார்கள். பேட்டரிக்கு மின்சாரம் ஏறுகிறதா இறங்குகிறதா என்று காட்ட வைத்தது. அதைக்கொண்டே பிஸ்டன் எங்கே நிற்கிறது என்றும் கண்டுபிடிக்கலாம்.

மெக்கானிக்குகள் ‘பிளாட்டினம்’ என்று சொல்லும் கான்டாக்ட் பாயிண்ட் மூடியிருக்கும்போது காயிலுக்குள் மின்சாரம் ஓடும். முள் இடப்பக்கம் சாயும். பாயிண்ட் திறந்த கணத்தில் ஓட்டம் அறுபட்டு, காயிலின் காந்தப்புலம் சட்டென்று சரிந்து, ஆயிரக்கணக்கான வோல்ட்டாகப் பிளக்கில் பொறியாகும். முள் நடுவுக்கு வரும். பாயிண்டைத் திறக்கும் கேம், கிராங்க் இரண்டு சுற்று சுற்றினால் ஒரு சுற்று சுற்றுகிறது. அதனால் முள் நடுவுக்கு வந்துவிட்டால், பிஸ்டன் காற்றை அழுத்திக்கொண்டு உச்சியை நெருங்கிவிட்டது என்று அர்த்தம்.

சாவியைப் போட்டு, முள்ளைப் பார்த்தபடி கிக்கரை மெதுவாக அழுத்துங்கள். முள் நடுவுக்கு வந்ததும் நிறுத்துங்கள். இடக்கையால் டிகம்ப்ரஷரை இழுத்து அடைபட்ட காற்றை வெளியேற்றி, கிக்கரை இன்னும் கொஞ்சம் இறக்கி, பிஸ்டனை உச்சி தாண்டவிட்டு, டிகம்ப்ரஷரை விட்டுவிட்டு, கிக்கரை மேலே வரவிட்டு, இப்போது முழு மிதி. பிஸ்டனின் பரப்பு 38.5 சதுர சென்டிமீட்டர். அழுத்தம் சதுர சென்டிமீட்டருக்கு 7 கிலோ என்று வைத்தால்கூட, உச்சியில் எதிர்த்து நிற்பது 270 கிலோ. அதை உதைத்துத் தாண்டப் பார்க்கிறவரின் கணுக்காலைத்தான் வண்டி திருப்பி உதைக்கும். உச்சி தாண்டி நின்ற பிஸ்டனுக்கோ, அடுத்த அழுத்தத்தின் உச்சி வருமுன் ஏறக்குறைய இரண்டு முழுச் சுற்று ஓட இடமிருக்கிறது. அதற்குள் ஃப்ளைவீல் வேகம் பிடித்துவிடும். முள்ளின் நகர்வு மந்தமாக இருந்தால் பாயிண்ட் இடைவெளியை ஃபீலர் கேஜ் வைத்துப் பாருங்கள், 0.35-க்கும் 0.40 மில்லிமீட்டருக்கும் நடுவே இருக்க வேண்டும்.

வண்டி ஓட ஆரம்பித்ததும் காகித வேலை. 2021-ல் வந்த மத்திய அரசு விதிப்படி, முதல் பதிவிலிருந்து 50 வருடம் கடந்த வாகனத்தை ‘விண்டேஜ்’ என்று பதிவு செய்யலாம். கட்டணம் 20,000 ரூபாய், பத்து வருடம் செல்லும், எண்ணில் ‘விஏ’ என்ற எழுத்துகள் வரும். தினசரி ஆபீஸுக்கு ஓட்டிப்போக அனுமதியில்லை. சேஸிஸும் இன்ஜினும் பெரிதாக மாற்றப்படாமல் மூல வடிவில் இருக்க வேண்டும் என்பது நிபந்தனை. ஆகவே கழற்றிய எதையும் பழைய இரும்புக்குப் போடாதீர்கள். தேய்ந்த பாகத்தைக்கூட அட்டை கட்டி வையுங்கள், பிரிக்குமுன் ஒவ்வொன்றையும் படமெடுங்கள். ஃபிரேமுக்குப் பெயிண்ட் அடிக்கிறவரிடம், சேஸிஸ் எண் பொறித்த இடத்தில் கிரைண்டரும் வேண்டாம், தடிமனாகப் பட்டியும் வேண்டாம் என்று இரண்டு முறை சொல்லுங்கள். ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் பென்சிலால் தேய்த்துப் படியெடுப்பது அந்த எண்ணைத்தான்.