குளிர் நாட்டில் எஞ்சினுக்கு முன்வெப்பம்

மார்கழி, தை மாதங்களின் விடியற்காலையில், புனே நகரில் தேங்காய் எண்ணெய்ப் புட்டியைக் கையில் எடுப்பவர் எண்ணெய் வெண்மையாக இறுகிக் கிடப்பதைக் காண்பர். ஏறத்தாழ 24 பாகை செல்சியசுக்குக் கீழே அவ்வெண்ணெய் உறைந்துவிடுகின்றது. அப்பொழுது நாம் புட்டியை நெருப்பில் காட்டுவதில்லை. வெந்நீர்ப் பாத்திரத்தில் சற்று நேரம் நிறுத்தி வைக்கின்றோம். எண்ணெய் தானே இளகிவிடுகின்றது. கடுங்குளிர் நிலவும் இடங்களில் மோட்டார் வண்டியை ஊறின்றிக் கிளப்புவதற்கு உதவும் 'பிளாக் ஹீட்டர்' என்னும் முன்வெப்பக் கருவியும் இதே முறையில்தான் வேலை செய்கின்றது.

புனேயில் ஓடும் வண்டிகளுக்கு இக்கருவி தேவையில்லை. 1935ஆம் ஆண்டு ஜனவரியில் இந்நகரின் வெப்பநிலை 1.7 பாகை வரை இறங்கியதுண்டு. எனினும் அது அரிதான நிகழ்ச்சி. ஆனால் புனே, எஞ்சின்கள் பிறக்கும் ஊர். கிர்லோஸ்கர் எண்ணெய் எஞ்சின் நிறுவனம் 1946இல் இங்கு தோன்றியது. வண்டிகளை ஆராய்ந்து சான்று வழங்கும் இந்திய மோட்டார் வாகன ஆராய்ச்சிச் சங்கம் 1966 முதல் இங்கு இயங்குகின்றது. புகைச் சோதனைக்கு வரும் வண்டி, 20 முதல் 30 பாகை வெப்பநிலையில் பல மணி நேரம் நிறுத்தப்பட்ட பிறகே கிளப்பப்படுகின்றது. சோதனைச் சாலையில் இதற்கே 'குளிர் துவக்கம்' என்று பெயர். கடல் மட்டத்திற்குமேல் ஏறத்தாழ 3,500 மீட்டர் உயரத்திலுள்ள லே நகரிலோ, ஜனவரி இரவுகளில் வெப்பநிலை உறைநிலைக்குக் கீழ் 15 பாகைக்கும் இறங்குகின்றது. அங்கு பணிக்குச் செல்லும் களப்பணியாளர் குளிர் துவக்கம் என்பதன் முழுப் பொருளையும் உணர்வர்.

எஞ்சின் மறுப்பதேன்?

குளிரில் எஞ்சின் கிளம்பாமைக்கு முதற்காரணம் உயவு எண்ணெய். அது தடித்துப் பாகுபோல் ஆகிவிடுவதால், பிஸ்டன்களையும் சுழல் தண்டையும் அசைக்க மிகுந்த விசை வேண்டியிருக்கின்றது. எண்ணெய் உராயும் பகுதிகளைச் சென்றடையவும் தாமதமாகின்றது, தேய்மானம் மிகுகின்றது.

இரண்டாவது, பாட்டரி. குளிரில் அதனுள் நிகழும் இரசாயன மாற்றம் மந்தப்படுகின்றது. உறைநிலைக்குக் கீழ் 18 பாகையில், பாட்டரி தன் வழக்கமான ஆற்றலில் பாதியைக்கூடத் தருவதில்லை. எஞ்சின் மிகுதியாகக் கேட்கும் வேளையில் பாட்டரி குறைவாகவே கொடுக்கின்றது.

மூன்றாவது, எரிபொருள். டீசல் எஞ்சினில் தீப்பொறி கிடையாது; அழுத்தத்தினால் சூடேறும் காற்றே எரிபொருளைப் பற்ற வைக்கின்றது. சிலிண்டரின் சுவர்கள் குளிர்ந்திருப்பின் அச்சூட்டை அவை உறிஞ்சிவிடுகின்றன. லேயில் காற்றழுத்தமே கடல் மட்டத்தில் உள்ளதில் மூன்றில் இரு பங்குதான். அன்றியும், டீசலிலுள்ள மெழுகு தேங்காய் எண்ணெயைப்போல் உறைந்து வடிகட்டியை அடைத்துவிடுகின்றது.

கருவியின் அமைப்பு

1940களில் அமெரிக்காவின் வடக்கு டகோட்டா மாநிலத்தைச் சேர்ந்த ஆண்ட்ரூ ஃப்ரீமன் என்பவர் எஞ்சினின் தலைப்பகுதி போல்ட்டில் பொருத்தும் மின்சூடேற்றி ஒன்றை அமைத்தார். 1949இல் அதற்குக் காப்புரிமையும் பெற்றார். இக்காலத்தில் பெரும்பாலும் வழங்குவது வேறொரு வகை. எஞ்சினின் வார்ப்புச் சுவரிலுள்ள துளைகள் தகட்டு மூடிகளால் அடைக்கப்பட்டிருக்கும். அவற்றுள் ஒன்றை நீக்கி, மின்கம்பிச் சுருளைக் கொண்ட குழலை உட்செலுத்துவர். அது சிலிண்டர்களைச் சூழ்ந்த நீரைச் சூடாக்குகின்றது. சூடான நீர் மேலெழ, குளிர்ந்த நீர் கீழிறங்க, பம்பு ஓடாமலே வெப்பம் பரவுகின்றது.

சிறு வண்டிகளுக்கு 400 முதல் 1,000 வாட் வரை போதும். இரவு முழுவதும் மின்சாரம் செலவிட வேண்டியதில்லை. புறப்படுவதற்கு இரண்டு மூன்று மணி நேரம் முன்னதாக இணைத்தால் போதும். 600 வாட் கருவி மூன்று மணி நேரத்தில் 1.8 யூனிட் மின்சாரத்தையே செலவிடும். 2019 பிப்ரவரியில் ஸ்ரீநகர்–லே மின்தொடர் நாட்டுக்கு அர்ப்பணிக்கப்பட்டு, லடாக் தேசிய மின்வலையுடன் இணைந்தது. மின்சாரம் தவறாது கிடைக்கும் இடத்திலேயே இக்கருவியை நம்பலாம் என்பதால், இது குறிப்பிடத்தக்க செய்தியாகும்.

நெருப்பு கூடாது

மலைப்பாதைகளில் லாரி ஓட்டுநர் சிலர் எண்ணெய்த் தொட்டியின் அடியில் விறகோ ஊதுவிளக்கோ கொளுத்திச் சூடேற்றுவதுண்டு. கசிந்த எண்ணெயோ டீசலோ பற்றிக்கொண்டால் வண்டியும் சரக்கும் அழியும். உயிருக்கும் இடையூறு நேரும். மூடிய கொட்டகையில் இரவெல்லாம் எஞ்சினை ஓடவிடுவதும் அத்தகையதே. அதன் புகையிலுள்ள கார்பன் மோனாக்சைடு வாசனையற்ற நஞ்சு. உறங்குபவர் அறியாமலே அவரைக் கொன்றுவிடும்.

முன்வெப்பக் கருவி எஞ்சினைச் சூடாக்குமேயன்றி, டீசல் தொட்டியையோ பாட்டரியையோ சூடாக்குவதில்லை. எஞ்சின் இலகுவாகச் சுழன்றும் கிளம்பாவிடில், எரிபொருள் வழியை ஆராய வேண்டும். பொதுத் தரத்தின்படி, குளிர்கால டீசலின் ஒழுகுநிலை 3 பாகை வரை இருக்கலாம். இது லடாக்கிற்குப் போதாது. ஆதலின், உறைநிலைக்குக் கீழ் 33 பாகை வரை ஒழுகும் தனி வகை டீசலை இந்தியன் ஆயில் நிறுவனம் 2019 நவம்பரில் லடாக்கில் அறிமுகம் செய்தது. பானிப்பட் சுத்திகரிப்பு ஆலை அதனைத் தயாரித்தது. டீசலில் மண்ணெண்ணெய் கலக்கும் பழைய வழக்கம், உயவுத்தன்மையைக் குறைத்துப் பம்பைக் கெடுக்கும்.

களப்பணியாளர் கவனிக்க வேண்டியவை

ரேடியேட்டரில் நீரும் உறைதடுப்பு நீர்மமும் குறைவின்றி இருத்தல் வேண்டும். வெறுமையான எஞ்சினில் கருவியை இயக்கினால் அது எரிந்துபோகும். நில இணைப்புள்ள மின்வாயையும், தடித்த, சிதைவற்ற கம்பியையுமே பயன்படுத்துக. வண்டியை நகர்த்துமுன் கம்பியைக் கழற்றிவிட்டோமா எனப் பார்த்துக்கொள்க. பாட்டரியை முழு மின்னேற்றத்துடன் வைத்திருக்க. மின்னேற்றம் தீர்ந்த பாட்டரியின் திரவம் உறைநிலைக்குச் சற்றுக் கீழேயே உறைந்து கலத்தைப் பிளந்துவிடக்கூடும்.

ஆசிரியர்கள் இதனை வகுப்பறையிலேயே விளக்கலாம். இரு சோதனைக் குழாய்களில் விளக்கெண்ணெய் நிரப்பி, ஒன்றைப் பனிக்கட்டியிலும் மற்றொன்றை வெதுவெதுப்பான நீரிலும் வைக்க. கால் மணி நேரம் கழித்து இரண்டிலும் ஒரே அளவான எஃகுக் குண்டுகளை இடுக. ஒன்று விரைந்து அடியை அடையும். மற்றொன்று தயங்கித் தயங்கி இறங்கும். எண்ணெய் டப்பாவில் எழுதியுள்ள எண்களையும் அப்போதே மாணவர்க்குக் காட்டலாம். '5டபிள்யூ', '15டபிள்யூ' என்பனவற்றில் 'டபிள்யூ' குளிர்காலத்தைக் குறிக்கும். எண் சிறிதாயின், குளிரில் எண்ணெய் இலகுவாக ஓடும்.

நோயாளியை ஏற்றிச் செல்ல வேண்டிய வண்டி விடியற்காலையில் அரை மணி நேரம் முரண்டு பிடித்தால், அது உயிருக்கே கேடாக முடியலாம். முந்திய இரவே எண்ணெய், பாட்டரி, எரிபொருள் ஆகிய மூன்றையும் பார்த்துவைத்து, கருவியை உரிய நேரத்தில் இணைப்பவருக்கு அவ்விடர் பெரும்பாலும் நேராது.