வரையப் பழகும் கையும் காணப் பழகும் கண்ணும்

தமிழில் ‘எழுதுதல்’ என்னும் சொல் இருபொருள் உடையது. ஏட்டில் எழுத்தைப் பொறிப்பதும் எழுதுதல்; சுவரிலும் துணியிலும் ஓவியம் தீட்டுவதும் எழுதுதல். கண்ணுக்கு மை எழுதுதல் என்னும் வழக்கில் அப்பழம்பொருள் இன்றும் உயிரோடு இருக்கின்றது. ஒரே சொல்லால் சுட்டப்பெற்ற இவ்விரு செயல்களையும் நாம் இன்று இருவேறு தட்டுகளில் வைத்துவிட்டோம். எழுத்து எல்லார்க்கும் உரியது என்று கொண்டு ஒவ்வொரு குழந்தைக்கும் அதனைக் கற்பிக்கின்றோம். ஓவியமோ பிறவியிலேயே திறன் வாய்த்த சிலருக்கு மட்டும் உரியது என்று ஒதுக்கிவிடுகின்றோம். அதனால் பத்து வயதுச் சிறுவனும் ‘எனக்கு வரைய வராது’ என்கின்றான். ஐம்பது வயது ஆசிரியரும் அதனையே சொல்கின்றார்.

ஔவையார் பெயரால் வழங்கும் தனிப்பாடல் ஒன்று இதற்கு மாறான கருத்தை உடையது. ஓவியம், மொழி, கல்வி முதலியவற்றைப் பழக்கத்தால் வருவன என்றும், நட்பு, இரக்கம், கொடை ஆகியவற்றையே பிறவிக் குணங்கள் என்றும் அது பகுக்கின்றது. அக்கருத்தை அடியாகக் கொண்டு, ஓவியராகும் எண்ணமே இல்லாத ஒருவர் வரைவதனால் பெறும் பயன் யாது என்பதை இவ்வுரை விளக்க முற்படுகின்றது. கோலா சாவா வட்டாரத் தோட்டங்களில் கைக்கெட்டும் பொருள்களையே இதற்கு எடுத்துக்காட்டுகளாகக் கொள்வோம்.

இரண்டு மலைகளும் ஒரு சூரியனும்

தொடக்கப்பள்ளி மாணவர் ஒருவரிடம் வெள்ளைத்தாளைக் கொடுத்து, இயற்கைக் காட்சி ஒன்றை வரையச் சொன்னால் பெரும்பாலும் என்ன வரும் என்பதை ஆசிரியர் அனைவரும் அறிவர். முக்கோண வடிவில் இரண்டு மலைகள். அவற்றின் நடுவே கதிர் விரிக்கும் சூரியன். அங்கிருந்து இறங்கி வரும் ஓர் ஆறு. கரையில் ஒரு தென்னை, ஒரு குடிசை. செம்பனைக் காட்டையும் பால்மரக் காட்டையும் கடந்து நாள்தோறும் பள்ளிக்கு வரும் பிள்ளையும் இதையே வரைகின்றது. தான் காணாத மலையை வரையும் அப்பிள்ளை, தான் காணும் மரத்தை வரைவதில்லை.

இது பிள்ளையின் குறை அன்று. மனம் ஒவ்வொரு பொருளுக்கும் ஒரு சுருக்கக் குறியை வைத்துக்கொள்கின்றது. மரம் என்றால் ஒரு தண்டும் அதன்மேல் ஒரு மேகமும். கண் என்றால் ஒரு மீன்வடிவமும் அதனுள் ஒரு புள்ளியும். அன்றாட வாழ்விற்கு அக்குறிகள் போதும். ஆனால் குறியை மட்டுமே வரைந்து பழகிய கண், நாளடைவில் குறியை மட்டுமே காணத் தொடங்குகின்றது. வரைதலை நாம் கற்பிக்காமல் விடும்போது இழப்பது அழகிய படங்களை மட்டும் அன்று. உற்றுநோக்கும் பழக்கத்தையும் சேர்த்தே இழக்கின்றோம்.

ஆர்வலர் மரபு

தொழிலாகக் கொள்ளாமல் விருப்பத்தினால் வரைபவரை ஓவிய ஆர்வலர் எனலாம். இவர்களுக்கு உலகில் நீண்ட மரபு உண்டு. ரவீந்திரநாத் தாகூர் தம் அறுபதுகளில்தான் ஓவியத்தில் முழுமையாக ஈடுபட்டார். 1924-ஆம் ஆண்டு அர்ஜென்டினாவில் தங்கியிருந்தபோது, ‘பூரபி’ என்னும் கவிதைத் தொகுதியின் கையெழுத்துப்படியில் அடித்துத் திருத்திய சொற்களைக் கோடுகளால் இணைத்துப் பறவையாகவும் விலங்காகவும் மாற்றினார். பிழையைத் திருத்தும் அடித்தலே அவருக்குத் தூரிகைப் பயிற்சி ஆயிற்று. 1930-ஆம் ஆண்டு பாரிஸ் நகரில் அவருடைய முதல் ஓவியக் கண்காட்சி நடைபெற்றது. முறையான ஓவியக்கல்வி பெறாத அவர், ஈராயிரத்திற்கும் மேற்பட்ட ஓவியங்களை விட்டுச்சென்றார்.

இங்கிலாந்தில் ஜான் ரஸ்கின் 1854-ஆம் ஆண்டு முதல் இலண்டன் தொழிலாளர் கல்லூரியில் வரைதல் கற்பித்தார். 1857-இல் தொடக்கநிலையினர்க்கென ஒரு பாடநூலும் எழுதினார். அவருடைய நோக்கம் தெளிவானது. தச்சனை ஓவியனாக்க அவர் முயலவில்லை. தச்சனாகவே இருந்து அவன் மேலும் மகிழ்ச்சியோடு வாழ வேண்டும் என்பதே அவர் விருப்பம். உலகைக் கூர்ந்து காணக் கற்றவனுக்கு அம்மகிழ்ச்சி தானே வாய்க்கும் என்று அவர் நம்பினார்.

தோட்டத் தமிழரிடையேயும் இம்மரபு இருந்து வந்திருக்கின்றது. நாம் அதனை ஓவியம் என்று எண்ணுவதில்லை. வாசலில் புள்ளி வைத்து இழுக்கும் சிக்குக் கோலம், எந்தப் பள்ளியிலும் பயிலாத கைகள் நாள்தோறும் செய்யும் வரைபடம். சென்னைக் கிறித்தவக் கல்லூரியைச் சேர்ந்த கிஃப்ட் சிரோமணியும் அவருடன் ஆய்ந்தோரும் கோலங்களின் அமைப்பை இலக்கண விதிகளைப்போல் வகுத்து, 1974-இல் கணினியியல் ஆய்வாக வெளியிட்டனர். தாயும் பாட்டியும் விரல்நுனியில் வைத்திருந்த அறிவு எத்தகையது என்பதற்கு அது சான்று. கோலமிடத் தெரிந்த குடும்பத்துப் பிள்ளை ‘எனக்கு வரைய வராது’ என்று சொல்வது பொருந்தாது.

புதன்கிழமைக் கலைக்குழு

நம் நாட்டிலேயே இதற்குச் சிறந்த எடுத்துக்காட்டு ஒன்று உண்டு. மலாயாக் கல்வித்துறையில் கலைக்கல்விக் கண்காணிப்பாளராகப் பணியாற்றிய பீட்டர் ஹாரிஸ், 1952-ஆம் ஆண்டு கோலாலம்பூரில் ‘புதன்கிழமைக் கலைக்குழு’வைத் தொடங்கினார். வாரந்தோறும் புதன்கிழமை கூடியதால் அப்பெயர் அமைந்தது. வந்தவருள் பலர் வேறு பணி பார்த்துக்கொண்டு வரைந்தவர்கள். ஆசிரியர்களும் மாணவர்களும் அவர்களுள் இருந்தனர். இப்படித்தான் வரைய வேண்டும் என்று ஒரு பாணியைத் திணிக்காமல், ஒவ்வொருவரும் தமக்குரிய கோட்டைத் தாமே கண்டடைய விடுவது ஹாரிஸின் முறை.

அக்குழுவிலிருந்து பாட்ரிக் இங், சியோங் லைதோங் போன்ற பெயர்பெற்ற ஓவியர்கள் தோன்றினர். தமிழ்ப் பெண்மணிகளான சிவம் செல்வரத்தினம், கிரேஸ் செல்வநாயகம் ஆகியோரும் அக்குழுவோடு தொடர்புடையவர்கள். இருவரும் ஓவியர்களாக விளங்கியதோடு கலைக்கல்விக்கும் தொண்டாற்றினர். பத்திக் ஓவியத்தில் சிறந்த கிரேஸ் செல்வநாயகம், சொங்கெட் நெசவைப் பற்றி 1990-இல் எழுதிய நூல் அத்துறையில் குறிப்பிடத்தக்கது. பள்ளி மாணவராக அக்குழுவில் சேர்ந்த சுல்கிப்லி புயோங், தம் பதினாறாம் வயதில், 1964-இல், வண்ணச்சுண்ணத்தால் ‘கெலம்பு’ என்னும் ஓவியத்தைத் தீட்டினார். ‘கெலம்பு’ என்றால் கொசுவலை. வீட்டில் நாள்தோறும் காணும் ஒரு பொருள் கலையாக மாற, உற்றுநோக்கும் ஒரு கண்ணும் ஊக்கும் ஒரு சூழலும் போதுமானவையாக இருந்தன.

நான்கு சோதனைகள்

ஆர்வலர் தாமே செய்து பார்க்கத்தக்க நான்கு சோதனைகளை இனிக் காண்போம். பென்சிலும் பழைய பயிற்சி ஏடும் போதும்.

முதலாவது, தாளைப் பாராமல் வரைதல். ஒரு மங்கையோ தம் இடக்கையையோ எதிரே வைத்து, அதன் விளிம்பில் எறும்பு ஊர்வதுபோல் கண்ணை மெல்ல நகர்த்த வேண்டும். கண் நகரும் அளவிற்கே பென்சிலும் நகர வேண்டும். தாளைப் பார்த்தல் ஆகாது. அமெரிக்க ஆசிரியர் கிமோன் நிக்கோலைடிஸ் எழுதி 1941-இல் வெளிவந்த நூல் இப்பயிற்சியைப் பரப்பியது. கிடைக்கும் படம் கோணலாகவே இருக்கும். ஆயினும் அக்கோணல் கோட்டில், மங்கின் விளிம்பிலுள்ள சிறு உடைப்பும் உறைந்த பாலின் தடமும் பதிந்திருக்கும். மனக்குறியில் அவை இரா.

இரண்டாவது, தலைகீழாக வரைதல். ஒரு கோட்டோவியத்தைத் தலைகீழாகத் திருப்பி வைத்து, அவ்வாறே பார்த்து வரைய வேண்டும். பெட்டி எட்வர்ட்ஸ் 1979-ஆம் ஆண்டு வெளியிட்ட நூலால் இப்பயிற்சி உலகெங்கும் புகழ்பெற்றது. மூளையின் வலப்பாதி, இடப்பாதி என்று அவர் கூறிய விளக்கத்தை இன்றைய மூளையியலார் அப்படியே ஏற்பதில்லை. பயிற்சி மட்டும் பயன் தருகின்றது. தலைகீழாக இருக்கும்போது மூக்கு மூக்காகவும் கண் கண்ணாகவும் தோன்றாமையால், மனம் தன் குறிகளை இடையில் செருக முடிவதில்லை. கண் கண்டதைக் கை வரைகின்றது.

மூன்றாவது, இடைவெளியை வரைதல். செம்பனை மட்டைகளை வரையாமல், மட்டைகளுக்கு நடுவே தெரியும் வானத்தின் வடிவங்களை மட்டும் வரைந்து நிரப்ப வேண்டும். வானத்துண்டுகள் முடியும்போது மட்டைகள் தாமே தோன்றிவிடும். ‘வெறுமை’ என்று நாம் கருதும் இடத்திற்கும் வடிவம் உண்டு என்பதை இச்சோதனை உணர்த்துகின்றது.

நான்காவது, நினைவிலிருந்தும் நேரிலிருந்தும் வரைதல். பால்வெட்டிய மரம் ஒன்றை முதலில் வகுப்பில் இருந்தபடி நினைவிலிருந்து வரைய வேண்டும். பின்னர் மரத்தின் முன்னே நின்று மீண்டும் வரைய வேண்டும். நினைவில் வரைந்தோர் வெட்டுக்கோட்டை வலம் இடம் என மனம்போன திசையில் சாய்த்திருப்பர். மரத்திலோ அது இடப்புறம் மேலிருந்து வலப்புறம் கீழாக, ஏறத்தாழ 30 பாகைச் சரிவில் இறங்கும். பட்டையிலுள்ள பால்குழாய்கள் நேர்க்குத்தாக நில்லாமல், மேலே செல்லச் செல்ல வலப்புறமாகச் சற்றே சாய்ந்து செல்கின்றன. ஆதலால் இத்திசையில் வெட்டினால்தான் மிகுதியான குழாய்கள் அறுபடும். உளி பிடித்த தொழிலாளி கையால் அறிந்த உண்மையை, பென்சில் பிடித்த மாணவர் கண்ணால் அறிகின்றார். செம்பனையிலும் இவ்வாறே செய்து பார்க்கலாம். தண்டில் எஞ்சியிருக்கும் மட்டையடிகளைப் பொறுமையாக வரைந்தால், அவை ஒரு திசையில் 8 சுழல்வரிசைகளாகவும் எதிர்த்திசையில் 13 சுழல்வரிசைகளாகவும் அமைந்திருப்பது புலப்படும். ஓவியப்பாடம் இவ்விடத்தில் அறிவியலும் கணிதமும் ஆகின்றது.

காண்பதன் இன்பம்

வரைந்து பழகியவர் பிறர் ஓவியத்தைக் காணும் முறையும் மாறுகின்றது. ‘நன்றாக இருக்கின்றது’ என்று சொல்லி நகர்ந்துவிட அவரால் இயலாது. ஊடுருவித் தெரியும் துணியையும் அதற்கு அப்பால் உள்ளதையும் ஒரே தாளில் காட்ட ஒருமுறை முயன்று தோற்றவர், ‘கெலம்பு’ ஓவியத்தின் முன் நீண்ட நேரம் நிற்பார். தம் கை எங்கே தடுமாறியதோ அங்கே மற்றொரு கை எவ்வாறு வென்றது என்று தேடுவார். பால்மரத்தை வரைந்தவர், பழைய படம் ஒன்றில் மீன்முள் போன்ற வெட்டுக்கோடுகளைக் கண்டால், அது 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கக்கால வெட்டுமுறையைக் காட்டுவது என்று அறிந்து வியப்பார். இவ்வாறு, வரைந்த கை பார்க்கும் கண்ணுக்குச் சுவை கூட்டுகின்றது.

கூடிக் காண்பதும் ஓர் இன்பம். பரிபாடலின் 19-ஆம் பாடல், திருப்பரங்குன்றத்து ஓவிய மண்டபத்தைக் காண வந்தோரை நம் கண்முன் நிறுத்துகின்றது. அவர்கள் வாய்மூடி நிற்கவில்லை. படத்தில் உள்ளவர் யார் என்று சிலர் வினவுகின்றனர். இவர் காமன், இவள் அகலிகை, இவன் பூனையாய் மாறிய இந்திரன் என்று உடன் வந்தோர் சுட்டிக்காட்டி விளக்குகின்றனர். ஓவியத்தின்முன் வினவுதலும் விடை பகர்தலும் தமிழர்க்குப் புதியன அல்ல என்பது இதனால் விளங்கும். 1958-ஆம் ஆண்டு நிறுவப்பெற்ற கோலாலம்பூர் தேசியக் கலைக்கூடத்திற்கு மாணவரை அழைத்துச் செல்லும் ஆசிரியர் இம்முறையைப் பின்பற்றலாம். நூறு ஓவியங்களை ஒரு மணி நேரத்தில் கடந்து செல்வதினும், மூன்று ஓவியங்களின்முன் அமர்வது நன்று. என்ன தெரிகின்றது? எதனால் அவ்வாறு தோன்றுகின்றது? இன்னும் என்ன தெரிகின்றது? இம்மூன்று வினாக்களே போதும். இறுதியில் அவ்வோவியத்தில் ஒரு கை அளவுப் பகுதியைப் பென்சிலால் வரைந்து பார்க்கச் செய்தால், கண்டது மனத்தில் நிலைக்கும்.

இன்றே தொடங்க வேண்டிய காரணம்

தோட்டங்களின் தோற்றம் நம் கண்முன்னே மாறி வருகின்றது. பால்மரம் நின்ற இடங்களில் செம்பனை வந்தது. செம்பனை நின்ற சில இடங்களில் வீடமைப்புப் பகுதிகள் எழுகின்றன. லயத்து வீட்டின் படிக்கட்டும், காண்டா வாளியும், பால் கொட்டகையும், கோயில் வாசலும் மெல்ல மறைகின்றன. புகைப்படம் அவற்றின் தோற்றத்தைக் காக்கும். ஆனால் அங்கே பிறந்து வளர்ந்த ஒருவர் எதை உற்றுநோக்கினார், எதை முதன்மையாகக் கருதினார் என்பதை அவர் கையால் இட்ட கோடே காட்டும். அக்கோடு கோணலாக இருப்பதில் குற்றம் இல்லை.

ஆசிரியர் செய்யக்கூடுவது எளியது. வாரம் ஒருமுறை, பதினைந்து நிமிடம், பள்ளியைச் சூழ்ந்துள்ள ஏதேனும் ஒரு பொருளை நேரில் பார்த்து வரையச் செய்யலாம். அப்படத்திற்கு மதிப்பெண் வேண்டா. ஒட்டிப் பார்க்க முன்மாதிரியும் வேண்டா. படத்தின் கீழே நாளும் இடமும், வரையும்போது புதிதாகக் கண்ட ஒன்றைக் கூறும் ஒரு தமிழ்த் தொடரும் இருந்தால் போதும். இதில் ஆசிரியரும் மாணவரோடு அமர்ந்து வரைதல் வேண்டும். தம் ஆசிரியரின் கோடும் நடுங்குவதைக் காணும் பிள்ளை, வரைதல் பழக்கத்தால் வருவது என்பதை விளக்கம் இன்றியே உணர்ந்துகொள்ளும். ஓராண்டின் முடிவில் ஒவ்வொரு மாணவரிடமும் ஏறத்தாழ நாற்பது படங்களும் நாற்பது தொடர்களும் சேர்ந்திருக்கும். அவ்வேட்டில் மலைகள் இரண்டும் குறைந்து, கோலா சாவாவின் மரங்கள் மிகுந்திருக்குமாயின், அப்பயிற்சி வெற்றி பெற்றது எனலாம்.